நகர்த்தி வைத்த கல்

மூன்று, இரண்டு, மூன்று, பத்தொன்பது, இரண்டு.

பூங்கா திறக்க ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தப் பத்தொன்பது அவள் கண்ணில் பட்டது. மண் சோதனைக் கோப்பை மூடிப் பூங்காப் பொறியாளரிடம் கொடுக்குமுன் கடைசியாக ஒருமுறை புரட்டினாள். மொத்தம் அறுபது எண்கள். ஐம்பத்தொன்பதும் மூன்றைத் தாண்டவில்லை. முப்பத்து மூன்றாவது மட்டும், வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நடுவே யாரோ பெரியவர் வந்து நின்றுகொண்ட மாதிரி, தனியாகத் தெரிந்தது. பக்கத்துக் கட்டத்தில் ‘அளவுக்குள்’ என்று பச்சை அடையாளம். தாளின் அடியில் அவளுடைய கையெழுத்து, போன வருடத்துத் தேதியோடு.

அவள் வேலை மண்ணைச் சோதிப்பது. இருபது வருடமாக ரயில் ஓடாமல் முள்ளும் குப்பையுமாகக் கிடந்த மூன்று கிலோமீட்டர் பாதையை, நடக்கவும் உட்காரவும் விளையாடவும் ஏற்ற பசுமையான இடமாக நகராட்சி மாற்றிக்கொண்டிருந்தது. இந்த மண்ணில் பிள்ளைகளை விடலாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வேலையாட்கள் அவளுக்கு மண்ணக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். தோட்ட வேலை முழுவதையும் மேற்பார்வை பார்த்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுடைய நான்கு வயதுப் பெண்ணுக்கு மண் தின்கிற பழக்கம். “அத்தை டெஸ்ட் பண்ணி ஓகே சொன்ன மண்ணுடி, நீ தாராளமா சாப்பிடு” என்று அவன் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

ரயில் பாதை மண்ணைச் சோதிப்பானேன் என்று யாராவது கேட்டால் போதும், டீ ஆறிப்போவது தெரியாமல் விளக்க ஆரம்பித்துவிடுவாள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லி சும்மா கிடப்பதில்லை. ரயிலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவதும், மழைத் தண்ணீரை நிற்கவிடாமல் வடித்துவிடுவதும் அதன் வேலை. ஜல்லிக்கு நடுவே புல் முளைத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் பாதை இளகி ஒரு பக்கமாக இறங்கும். ஆகவே அந்தக் காலத்தில் புல்லைக் கொல்ல மருந்து தெளித்தார்கள். ஒரு ரயில் பெட்டி நிறையத் தண்ணீர், அதில் ஆர்சனிக் கலந்த மருந்து. பெட்டி மெதுவாக நகரும், இரண்டு பக்கமும் தூறல் போல விழும். ஆர்சனிக் என்றால் நம் பழைய பாஷாணம். அது மக்காது. வெயிலில் காயாது. புல் செத்து, ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன பிறகும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தூறிய இடத்தில் பெரிதாக ஒன்றும் இராது. சிந்திய இடம்தான் ஆபத்து.

சிந்திய இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பாதையை ஐம்பது மீட்டருக்கு ஒரு துண்டாக அறுபது துண்டாக்கினாள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடத்தில் மண் எடுத்து ஐந்து பையில் போட்டாள். ஐந்து பையிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முந்நூறு சோதனை அறுபதில் முடிந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், தப்பில்லை. ஆனால் கலக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்து டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளரில் மட்டும் ஒரு கை உப்பைப் போட்டு, ஐந்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு டம்ளரைத் தனியாகக் குடிக்கப் போகிறவனுக்குத்தான் சங்கதி தெரியும். அதனால் அனுமதித்த அளவு கிலோ மண்ணுக்கு இருபது மில்லிகிராம் என்றால், ஐந்தைக் கலந்த மண்ணுக்கு அதை ஐந்தால் வகுத்து நான்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான்கைத் தாண்டினால் எடுத்து வைத்த ஐந்து பையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு அறுபது முடிவும் ஒரே தாளில் வந்தன. ஆய்வகத்துக் கணினி எல்லாவற்றையும் இருபதோடு ஒப்பிட்டுப் பச்சை போட்டிருந்தது. அவள் பச்சையைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே தம்பி வண்டியில் செடிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இப்போது பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டாள். பத்தொன்பதை ஐந்தால் பெருக்கினால் தொண்ணூற்றைந்து. நான்கு பையில் மும்மூன்று இருந்தால் பன்னிரண்டு. மிச்சம் எண்பத்து மூன்று, ஒரே இடத்தில். அளவைப்போல நான்கு மடங்கு.

எழுந்து ஸ்டோருக்குப் போனாள். மண் பைகள் அடுக்கியிருந்த அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“என்னோட பையெல்லாம் எங்க?” என்று ஸ்டோர்காரரைக் கேட்டாள்.

“எந்தப் பை மேடம்?”

“இங்க இருந்த மண்ணுப் பை. முந்நூறு.”

“ஓ, அதுவா. திறப்பு விழாவுக்கு வாசல்ல பூந்தொட்டி வைக்கச் சொன்னாங்க. மண்ணு பத்தல. இது குட்டிக் குட்டிப் பையா கிடந்துச்சு, பிரிச்சுக் கொட்டிட்டேன்.”

“முந்நூறையுமா?”

“ஒக்காந்து பிரிச்சேன் மேடம். ஒரு நாள் ஆச்சு.” பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல நிமிர்ந்தார். “ஏன், மண்ணு தானே? நம்மகிட்ட அதுக்கா பஞ்சம்?”

வாசலில் பன்னிரண்டு தொட்டிகளில் மஞ்சள் பூக்கள் காற்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பையிலும் அவள் கைப்பட எழுதிய சீட்டுகள் குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்தன. அவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

இனி நேரே போய்த்தான் பார்க்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கி வந்தாள். பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். வாயை மண்ணில் அழுத்தி விசையைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடும். ஆய்வகத்துச் சோதனை அளவுக்குத் துல்லியம் கிடையாது. ஆனால் மூன்றுக்கும் எண்பதுக்கும் வித்தியாசம் சொல்ல அது போதும்.

முப்பத்து மூன்றாம் துண்டு எங்கே என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பகுதியில் பாதை இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்களுக்கு நடுவே பள்ளத்தில் போகிறது. அங்கே ஃபோனில் இடம் பார்த்தால் இருபது மீட்டர் அப்படியும் இப்படியும் தாவும். அதனால் ரயில்வேக்காரர்கள் நூறு மீட்டருக்கு ஒன்றாக நட்டுவைத்த தூரக் கற்களை வைத்தே அவள் அளந்திருந்தாள். ‘14/6’ என்றால் பதினான்கு கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும். அந்தக் கல்லிலிருந்து பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது மீட்டர். ‘செயற்கைக்கோள் தப்பாகச் சொல்லும், கல் சொல்லாது’ என்று அப்போது குறிப்பேட்டில் பெருமையாக எழுதிவைத்தது கூட ஞாபகம் இருந்தது.

14/6 கல் வெள்ளையடித்து, எண்ணுக்குக் கறுப்பு மை தீட்டி, புது பெஞ்சுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தது. நாடாவைப் பிடித்து அளந்தாள். பத்தில் மூன்று. இருபதில் இரண்டு. முப்பதில் மூன்று. நாற்பதில், ஐம்பதில், இடையில், பக்கவாட்டில் என்று பதினெட்டு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். எதுவும் நான்கைத் தொடவில்லை.

மூச்சு வந்தது. ஆய்வகத்தில் யாரோ எண்ணைத் தப்பாக அடித்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். புல் அழகாகப் பிடித்திருந்தது. தம்பிக்குக் கைராசிதான்.

பாட்டிலை மூடும்போது கல்லின் அடிப்பாகம் கண்ணுக்கு எதிரே இருந்தது. வெள்ளையடித்தவர் முன்பக்கம் அடித்திருந்தாரே தவிர பின்பக்கம் விட்டுவிட்டார். மண்ணில் நூறு வருடம் புதைந்திருந்த கல்லுக்கு ஒரு கறை இருக்கும். புதைந்த பாகம் கறுத்தும், வெளியே வெயில் பட்ட பாகம் வெளுத்தும், நடுவில் ஒரு கோடும். அந்தக் கோடு தரைமட்டத்தில் இருக்க வேண்டும். இந்தக் கல்லில் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

“இந்தக் கல்ல தொட்டீங்களாடா?”

“தொட்டோம்னா? பெயிண்ட் அடிச்சோம். நல்லா இருக்குல்ல?”

“நகர்த்துனீங்களா?”

“ஒரு நாலு கல்ல மட்டும்கா. எல்லாம் புதருக்குள்ள ஒளிஞ்சுட்டு இருந்துச்சு. பெஞ்சு பக்கத்துல இருந்தா வர்றவங்க நின்னு போட்டோ எடுப்பாங்கல்ல? பொறியாளர் சாரே ஐடியா சூப்பர்னு சொன்னாரு.”

“இது எங்க இருந்துச்சு?”

அவன் திரும்பி, வந்த வழியில் அறுபது மீட்டர் பின்னால் கை நீட்டினான். கையின் முனையில் சறுக்கு மரமும் அதன் பக்கத்தில் மண்மேடும் இருந்தன.

அந்த மண்மேடு பூங்காவிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம். பிள்ளைகள் மண்ணைத் தோண்டி, குழைத்து, வீடு கட்டி விளையாடட்டும் என்று வரைபடத்தில் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து மண் வாங்க வேண்டாம், இங்கேயே தோண்டிய மண் சோதனையில் தேறியிருக்கிறது, அதையே குவிக்கலாம் என்று கோப்பில் எழுதியிருந்தது. எழுதியவள் அவள். குவித்தவன் அவன். மேடு தயாராகி மூன்று மாதம் ஆகிறது. பூங்கா திறக்காவிட்டால் என்ன, வேலையாட்களின் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் அங்கேதான்.

அவள் ஓடவில்லை. ஓடினால் அவனுக்குத் தெரிந்துவிடும். மேட்டின் உச்சியில் கருவியை அழுத்தினாள். ஒரு நிமிடம் நிறைய நேரம். எண்பத்தெட்டு. அடிவாரத்தில் அறுபத்தொன்று. மேட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதற்கு நீலச் சாயம் பூசி, பழைய ரயிலின் ஞாபகமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தான். மருந்துப் பெட்டிக்குத் தண்ணீர் பிடித்த குழாய். இங்கேதான் பெட்டியை நிறுத்தி, மருந்தைக் கொட்டி, தண்ணீர் கலந்திருப்பார்கள். வருடக்கணக்காக நிரம்பி வழிந்து சிந்தியிருக்கும். குழாயின் காலடியில் கருவி முந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

“என்னக்கா, துப்பாக்கி என்ன சொல்லுது?” தம்பி பின்னாலேயே வந்திருந்தான்.

சொன்னாள். பத்தொன்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஹோஸைக் கீழே போட்டான். தண்ணீர் தன்பாட்டுக்கு நடைபாதையில் ஓடியது.

“கல்ல நான் நகர்த்தாம இருந்திருந்தா?”

“அப்பவும் இங்கதான்டா மேடு. கல்ல நகர்த்துனதால நான் அரை மணி நேரம் சந்தோஷமா இருந்தேன், அவ்வளவுதான். தப்பு என்னோடது.”

அவன் கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்தான். அதன் சரிவில் சின்னச் சின்ன விரல்களால் தோண்டிய குழிகள் வரிசையாக இருந்தன. பிறகு மெல்லிய குரலில் வேகமாகப் பேசினான்.

“ரெண்டு நாள் குடுக்கா. ஜேசிபி நம்ம கையில இருக்கு. மேட்ட மொத்தமா அள்ளிடறேன், குழாயச் சுத்தி ஒரு ஆள் ஆழத்துக்குத் தோண்டிடறேன். எங்க கொட்டணும்னு நீ சொல்லு, முறைப்படி அங்க கொட்டறேன். புது மண்ணு போட்டு மூடிட்டா முடிஞ்சுது. ஒன்பது நாள்ல பூங்கா தெறந்துரும். யாருக்கு என்ன நஷ்டம்?”

நல்ல யோசனைதான், அதுதான் கஷ்டமாக இருந்தது. மண்ணுக்கு இதைவிடச் சரியான வைத்தியம் அவளுக்கே தெரியாது. முறைப்படி செய்தாலும் இதையேதான் செய்வார்கள், நான்கு மாதம் கழித்து.

“மேட்டுல வெளையாடுன பிள்ளைங்க எத்தன பேரு?”

“என்ன ஒரு ஆறு பேரு. நம்ம குட்டியோட சேத்து.”

“அவங்க வீட்டுல என்ன சொல்லுவ?”

அவன் சரிவிலிருந்த ஒரு குழியைக் காலால் மூடினான்.

“மண்ண மாத்திரலாம்டா. உள்ள போனத எப்படி மாத்துவ? போயிருக்கா இல்லையானு பாக்கணும்னாலே மொதல்ல சொல்லணும்ல?”

“சொன்னா உன்ன விடுவாங்களா? உன் கையெழுத்துக்கா அது.”

“ஆமா.”

“நான் என் பொண்டாட்டிகிட்ட என்னனு சொல்றது? ‘தாராளமா சாப்பிடு’னு நான்தானே தெனமும் சொன்னேன்.” அவன் குனிந்து ஹோஸை எடுத்து, தண்ணீர்க் குழாயை மூடப்போகிறவன் போல நடந்து போய்விட்டான். தண்ணீர் நிற்கவில்லை. அவள்தான் போய் மூடினாள்.

அங்கிருந்தே பொறியாளருக்கு ஃபோன் செய்தாள். அவர் நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த ஒரு இடத்த மட்டும் கயிறு கட்டி மூடிட்டு, மிச்சத்தைத் தெறக்க முடியாதா?” என்றார்.

“இன்னும் மூணு கல்லு நகர்ந்திருக்கு சார். அத வச்சு எங்கெங்க என்ன செஞ்சிருக்கோம்னு பாக்கணும். வாசல் தொட்டியையும் உள்ள எடுக்கணும்.”

“தொட்டியா? தொட்டில என்ன?”

“மண்ணு சார்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் ஃபோனில் கேட்டது. பிறகு, “எழுத்துல குடுத்துடுங்க” என்று மட்டும் சொன்னார்.

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலையில், பிரித்து அடுக்கியிருந்த தகர வேலியை அதே ஆட்கள் திரும்ப நட்டார்கள். யாரும் மண்ணக்கா என்று கூப்பிடவில்லை. ஸ்டோர்காரர் மட்டும் மஞ்சள் பூத்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைக்கப்போய், நினைவு வந்தவராக அப்படியே நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “சோப்பு போட்டுக் கழுவுங்க, போதும்” என்றாள். இரண்டு முறை கழுவினார்.

டாக்டர் ஒருவர் வந்தார். இந்த விஷம் சிறுநீரில் சில நாள்தான் தங்கும், ஆகவே வேலி போட்ட பிறகு அதில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது என்றார். தலைமுடி அப்படியில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வளரும்போது உடம்பில் இருப்பதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியே வரும். வேரை ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி, மூன்று மாதத்து நாட்குறிப்பு மாதிரி. வேறு நேரமாக இருந்தால் அவள் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். வெளியில் ஒட்டிய தூசியை எப்படிப் பிரிப்பார்கள் என்று ஒன்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

தள அலுவலகத்தின் நீள மேசையில் ஆறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். தாய்மார்கள் பின்னால் நின்றார்கள். முடியை வெட்டுகிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். மாதிரி எடுப்பது அவள் தொழில்.

தம்பி மனைவி கடைசியில் நின்றாள். நான்கு நாளாக அவள் பேசவில்லை. இப்போதும் “அண்ணி, கழுத்துக்கு மேல எடுங்க, வெளிய தெரியாது” என்று சொன்னாளே தவிர, கண்ணைப் பார்க்கவில்லை. தம்பி வாசலுக்கு வெளியே நின்றிருந்தான்.

“அத்தை, இதுவும் டெஸ்டா?” என்றது குட்டி.

“ஆமாடா கண்ணு.”

“நான் மண்ணு தின்னவே இல்ல. வீடு தான் கட்டுனேன்.”

“கேட்டா அப்படித்தான் சொல்லும்” என்றாள் அதன் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

பிடரியில் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைப் பிடித்து வேரை ஒட்டி வெட்டினாள். வேர் எந்தப் பக்கம் என்று தெரிய நூல் கட்டினாள். முடி போடத் தனிப் பை கிடையாது, மண் பைதான் இருந்தது. அதன் சீட்டில் அச்சடித்த கட்டங்கள்: இடம், ஆழம், எடுத்தவர். இடம் என்பதற்கு எதிரே மண்மேடு என்று எழுதினாள். ஆழம், மூன்று சென்டிமீட்டர். எடுத்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் சீட்டை மறுபடி ஒருமுறை படித்தாள்.

டாக்டரோடு வந்திருந்த உதவியாளர் ஆறு பைகளையும் எண்ணினார். “எல்லாம் ஒரே எடத்துல வெளையாடுன பிள்ளைங்கதானே மேடம்? ஆறுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேத்து அனுப்புனா ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சிரும். முடிவும் சீக்கிரமா வரும்.”

தம்பி மனைவி முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள் மண்ணக்கா. “ஆறும் தனித்தனியா போகட்டும். மூணு வாரம் ஆகும்னா ஆகட்டும்.”

ஆறு பைகளையும் தானே ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் பெட்டிக்குள் நிறுத்தி வைத்தாள்.